கார் ஸ்கேனர் வாங்குவதில் நாம் சறுக்கும் இடங்கள்

செக் எஞ்சின் விளக்கு எரிந்த அன்று ராத்திரியே போனை எடுத்து, சில நூறு ரூபாய்க்கு வரும், காரில் செருகினால் கோளாறைப் போனில் காட்டும் அந்த நீல நிற புளூடூத் அடாப்டரை ஆர்டர் போட்டுவிடுகிறோம். "எல்லா காருக்கும் பொருந்தும்" என்று அட்டையில் எழுதியிருக்கும். அது பொய்யில்லை, ஆனால் அரை உண்மை.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட் (ஸ்கேனரைச் செருகும் இடம்) புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்தது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கட்டாயம். நம் ஊர் பிஎஸ்-6 கார்கள் எல்லாவற்றிலும் உண்டு. எல்லா கம்பெனிக்கும் பொதுவான மொழி என்பது புகையோடு தொடர்புள்ள விஷயங்களுக்கு மட்டும்தான். ஏபிஎஸ் பிரேக், ஏர்பேக், ஏசி, கதவுப் பூட்டு இதெல்லாம் அந்தந்தக் கம்பெனியின் சொந்த பாஷை. ஏபிஎஸ் விளக்கை அணைக்கலாம் என்று நினைத்து மலிவு அடாப்டர் வாங்கியவர் ஏமாறுவது இங்கேதான்.

ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மறைமலைநகர் ஆலையில் உற்பத்தி 2022இல் நின்றுபோன பிறகு, ஈகோஸ்போர்ட், ஃபிகோ வைத்திருக்கும் பலர், ஃபோர்டு கார்களைப் படிக்கும் ஃபோர்ஸ்கேன் மென்பொருளைத் தாங்களே கற்றுக்கொண்டார்கள். ஃபோர்டில் எஞ்சின் பேசும் கேன் லைன் (காருக்குள் தகவல் ஓடும் கம்பி) 6, 14ஆம் பின்களில் வரும். சௌகரிய வசதிகள் சார்ந்த பல மாட்யூல்கள் (காருக்குள் இருக்கும் சிறு கணினிகள்) 3, 11ஆம் பின்களில் உள்ள இன்னொரு லைனில் பேசும். சாதா அடாப்டருக்கு அந்த இரண்டாவது லைனே கிடையாது. பாதி மாட்யூல்கள் திரையில் வரவே வராது, நாமோ காரில்தான் கோளாறு என்று பயந்துகொண்டிருப்போம். இரண்டு லைனையும் தானாக மாற்றிக்கொள்ளும் ஓபிடிலிங்க் இஎக்ஸ் போன்ற யுஎஸ்பி அடாப்டர் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

மலிவு அடாப்டர்களில் எல்ம்327 என்று அச்சடித்திருப்பார்கள். அது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் செய்த சிப்பின் பெயர். சந்தையில் இருப்பதில் பெரும்பாலும் நகல்தான். 1.5 என்ற பதிப்பை அந்தக் கம்பெனி வெளியிட்டதே இல்லை, கடையில் மட்டும் தாராளமாகக் கிடைக்கும்! 2.1 என்று போட்டிருக்கும் நகல்களில் பல, பாதி கட்டளைகளுக்குப் பதிலே சொல்லாது. ஐபோன்காரர்களுக்கு இன்னொன்று: பழைய வகை புளூடூத் அடாப்டர் ஐபோனோடு சேராது. வைஃபை அல்லது பிஎல்இ (மின்சாரம் குறைவாக எடுக்கும் புதிய புளூடூத்) வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது, கோட் (காரில் பதிவாகும் கோளாறு எண்) வந்ததும் பார்ட்ஸ் மாற்றுவது. நண்பர் ஒருவர் காரில் பி0171 வந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். பத்தே நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. அப்புறம் உட்கார்ந்து லைவ் டேட்டா (எஞ்சின் ஓடும்போதே வரும் அளவுகள்) பார்த்தோம். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) ஃப்யூவல் ட்ரிம், அதாவது எஞ்சின் கூடுதலாகச் சேர்க்கும் பெட்ரோல், 20 சதவீதத்துக்கு மேல். ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 5க்கு இறங்கியது. மேஃப் சென்சார் (உள்ளே வரும் காற்றை அளப்பது) அளக்காத காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைந்தால் இப்படித்தான் காட்டும். ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதனால் சின்ன ஓட்டைகூடப் பெரிதாகத் தெரியும். பார்த்தால் ஒரு வேக்குவம் ஹோஸ், வளைவில் விரல்நக நீளத்துக்கு வெடிப்பு. அந்த ரப்பர் துண்டு, சென்சார் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கோட் மட்டும் படித்து அழிக்கும் கருவியை வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். லைவ் டேட்டாவும், கோளாறு பதிவான நொடியின் நிலவரத்தைக் காட்டும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் கட்டாயம் வேண்டும். அவசரப்பட்டு அந்த கோட் எண்ணை அழித்தால் அந்த ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும்.

கோடிங், அதாவது காரின் அமைப்புகளை மாற்றி எழுதுவது, வேறு விவகாரம். படிப்பதில் ஆபத்து குறைவு, எழுதுவதில் அப்படி இல்லை. பேட்டரி தளர்ந்திருக்கும்போது எழுத ஆரம்பித்து நடுவில் வோல்டேஜ் இறங்கினால் மாட்யூல் அரைகுறையாக நின்றுவிடலாம். சார்ஜரை மாட்டிக்கொண்டு, ஏசியையும் ஹெட்லைட்டையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். அதற்கும் முன்னால், இருக்கும் மதிப்புகளை ஒரு ஃபைலாகச் சேமியுங்கள். இந்த பேக்கப் வசதி இல்லாத கோடிங் ஆப்பை நான் தொடவே மாட்டேன்.

ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன்காரர்கள் ராஸ்-டெக் என்ற கம்பெனியின் விசிடிஎஸ் ஸ்கேனர் கேபிளுக்கு நகல் தேடி அலைவார்கள். மென்பொருளை ஒருமுறை அப்டேட் செய்தாலே அந்த நகல் கேபிள் செத்துப்போகலாம். அசலிலேயே மூன்று கார்களுக்கு மட்டும் வேலை செய்யும் குறைந்த விலைப் பதிப்பு உண்டு, வீட்டு உபயோகத்துக்கு அது தாராளம். வேறு கருவிகளில் வருடச் சந்தா உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய கார் என்றால் இன்னும் ஒன்று. எட்டாம் தலைமுறை கோல்ஃபிலிருந்து ஃபோக்ஸ்வேகன் குழுமம் எஸ்எஃப்டி என்ற பூட்டு போடுகிறது. கம்பெனி சர்வரின் அனுமதி இல்லாமல் சில மாட்யூல்களில் எழுத முடியாது. அதனால் பிராண்டை மட்டும் சொல்லி விசாரிக்காமல், மாடல், வருடம், விஐஎன் எனும் சேசிஸ் எண் மூன்றையும் கொடுத்துக் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். 16ஆம் பின்னில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும், சாவியை எடுத்தாலும் நிற்காது; அடாப்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பொங்கலுக்கு பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வந்து ஸ்டார்ட் போட்டால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வரும்.