முதலில் வாரிய அட்டை, அப்புறம் மற்றதெல்லாம்

அப்பா காஞ்சிபுரம் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் கூத்து ஆடியவர். அவருக்காக அரசு உதவிக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து கலைஞர்களாவது வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வருகிறவர்கள் "எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்பார்கள். நான் "வாரிய அட்டை இருக்கா?" என்று கேட்பேன்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் அமைந்தது. அதில் உறுப்பினராகி அட்டை வாங்கியிருந்தால் பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, மூக்குக்கண்ணாடி, விபத்து என்று பல வகையில் உதவி உண்டு. விண்ணப்பத்தைக் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். எங்களுக்குக் காஞ்சிபுரம், மற்றவர்களுக்குச் சேலம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை, கோவை, நெல்லை.

கலைஞர் என்பதற்குச் சான்று காட்ட வேண்டுமே, அங்கேதான் பலரும் திணறுகிறார்கள். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு அடிக்கும் நோட்டீஸை யாரும் எடுத்துவைப்பதில்லை. குழுவின் பெயர் அச்சாகியிருக்கும் அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். கிரீடம், தோளில் புஜக்கட்டை கட்டி முகம் எழுதிய பிறகு ஒரு படம், வேடமில்லாமல் ஒரு படம், இரண்டும் கைவசம் இருக்கட்டும்.

பெயர் விஷயத்தில் கவனம் தேவை. சித்தப்பா கூத்துக்கு முகவீணை, அதாவது சின்ன நாயனம், ஊதுபவர். ஊர் கூப்பிடும் பெயர் வாரிய அட்டையில், பள்ளிக்கூடப் பெயர் ஆதாரில், தலைப்பெழுத்து மாறிப்போய் வங்கிப் புத்தகத்தில். உதவி கேட்டுப் போட்ட மனு திரும்பி வந்தது. மூன்றையும் ஒன்றாக்கி முடிக்க நாலு மாதம் ஆனது, அதற்குள் அந்த வருடத்துக் கடைசி நாள் போய்விட்டது. முகவீணையின் சீவாளியை விரலில் உருட்டியபடியே அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன்.

சரி, அட்டை வந்துவிட்டது. புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். காலாவதியான அட்டையை வைத்துக்கொண்டு எதுவும் கேட்க முடியாது. அடுத்து, தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் அறிவிப்பைக் கவனியுங்கள். 1955-இல் சங்கீத நாடக சங்கமாகத் தொடங்கிய அமைப்பு இது. கலைமாமணி விருது கொடுப்பதும் இதுதான். இசைக்கருவி, ஆடை அணிகலன் வாங்க 10,000 ரூபாய் தரும் திட்டம் இதன் வழியாகத்தான் வருகிறது. மிருதங்கத்துக்குத் தோல் மாற்றக்கூட வழியில்லாதவருக்கு அது பெரிய தொகை. அறிவிப்பு நாளிதழில் ஒரு மூலையில் வரும், கெடுவும் குறைவு. குழுவில் படித்த பிள்ளை ஒருவரிடம் அதைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

ஆட முடியாமல் ஓய்ந்துபோன முதியவர்களுக்கு, நலிந்த கலைஞர் நிதியுதவியாக மாதம் 3,000 ரூபாய் உண்டு. வயதுச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

மாவட்டக் கலை மன்ற விருதுகளுக்கும் எழுதிப்போடுங்கள். 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. அப்பாவுக்குப் போன வாரம்தான் முதுமணிக்கு எழுதினேன். படிவத்தில் 'கலை' என்ற இடத்தில் நான் 'தெருக்கூத்து' என்று எழுத, "கட்டைக்கூத்துன்னு போடுப்பா" என்றார். அதே கலைக்கு அவர் சொல்லும் பெயர் அது. அடித்துவிட்டு, புதுப் படிவத்தில் எழுதினேன்.