டென்ஸ் மெஷினைப் பழிப்பதற்கு முன்னால்

காரைக்குடிப் பக்கம் பல வீட்டு அலமாரியில் ஒரு டென்ஸ் மெஷின் தூங்குகிறது. தோலில் பேட் ஒட்டி, லேசாகக் கரண்ட் விட்டு வலியை மட்டுப்படுத்தும் சின்ன மெஷின் அது. சிங்கப்பூரிலிருந்து பிள்ளை வாங்கி வந்ததாக இருக்கும், இல்லாவிட்டால் மருமகள் ஆன்லைனில் ஆர்டர் போட்டதாக இருக்கும். கேட்டால், "ரெண்டு நாள் போட்டுப் பாத்தேன் ஆச்சி, வலி கேக்கலை" என்பார்கள். எப்படிப் போட்டீர்கள் என்று விசாரித்தால் எல்லார் கதையும் ஒன்றுதான். தைலம் தேய்த்த முட்டியில் பேடை ஒட்டி, பயந்து பயந்து ஒன்றாம் நம்பரில் வைத்து, ராத்திரி படுத்துக்கொண்டு போட்டிருப்பார்கள். அப்படிப் போட்டால் எப்படிக் கேட்கும்?

நான் கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் பலகாரம் போட்டுக் கொடுக்கிறவள். தேன்குழல் பிழிந்தே தோள்பட்டை போனது, மனையில் உட்கார்ந்து கைமுறுக்குச் சுற்றியே முட்டி போனது. முட்டிக்குத் தேய்மானம் என்று டாக்டர் சொன்னார். மெஷினைப் போடும் முறையைச் சொல்லிக் கொடுத்தது பிசியோதெரபி பார்க்கிற பொண்ணு. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

யார் போடக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் பேஸ்மேக்கரோ வேறு கருவியோ வைத்தவர்கள் தொடவே வேண்டாம். வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், காலில் ரத்தக்கட்டி உள்ளவர்கள், புற்றுநோய்க்கு வைத்தியம் பார்ப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. கழுத்தின் முன்பக்கம், தலை, கண், நெஞ்சு, புண் உள்ள தோல் ஆகிய இடங்களில் யாருமே ஒட்டக்கூடாது. நம்ம ஊரில் சர்க்கரைக்காரர்கள் அதிகம். பாதம் மரத்துப்போன இடத்தில் ஒட்டினால் கரண்ட் எவ்வளவு ஏறுகிறது என்றே தெரியாது, தோல் புண்ணாகிவிடும். ஏன் வந்தது என்றே தெரியாத வலிக்கும் இது ஆகாது. இடுப்பு வலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது என்றிருந்தால் மெஷினை எடுக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முட்டி இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கும், கொஞ்சம் தேவலை என்று இருக்கும். தொடுகிற உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு வேலை செய்யும்போது, வலிச் செய்தி முதுகுத் தண்டிலேயே மட்டுப்படுகிறது. 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் 'கதவு' என்று விளக்கினார்கள். அந்தத் தேய்ப்பை மெஷின் கரண்டால் செய்கிறது, அவ்வளவுதான். தேய்ந்த மூட்டு இதனால் வளராது. 2022இல் 381 ஆய்வுகளை ஒன்றாக அலசியவர்கள், மெஷின் ஓடும்போதும் நிறுத்திய கையோடும் வலி குறைகிறது என்றார்கள். அதே வருஷம் எந்த வைத்தியம் செய்யலாம் என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, மூட்டுத் தேய்மானத்துக்கு இதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. இரண்டையும் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது: ஓடுகிற நேரத்துக்குத்தான் பலன், ஆகவே ஓடுகிற நேரத்தை வீணாக்கக்கூடாது.

பலகார வீட்டில் பெரிய எதிரி எண்ணெய். கை, கால், சேலை எல்லாம் எண்ணெய் வாடைதான். எண்ணெய்த் தோலில் பேட் முழுசாக ஒட்டாது. ஓரம் தூக்கிக்கொண்டால், பரவிப் போக வேண்டிய கரண்ட் ஒட்டியிருக்கும் சின்ன இடத்தில் மட்டும் இறங்கும். 'சுர்ருன்னு குத்துது' என்று பலர் கழற்றிப் போடுவது இதனால்தான். சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். தைலம், பவுடர் கூடாது. பேடின் பசையை விரலால் தொடாதீர்கள். ஒரு துளி அரிசி மாவு ஒட்டினாலும் அந்த இடம் செத்துப் போகும். எடுக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் ஓரத்தைப் பிடித்து உரித்து, அதன் பிளாஸ்டிக் தாளிலேயே திரும்ப ஒட்டி வையுங்கள். பசை காய்ந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவலாம். அப்படியும் ஒரு பேட் 20, 30 தடவைக்கு மேல் தாங்காது.

ஒட்டும் இடம்: முட்டிக்கு நாலு பேட். சில்லுக்கு மேலே இரண்டு பக்கமும், கீழே இரண்டு பக்கமும். ஒரு வயரின் இரண்டு நுனியும் குறுக்கே போக வேண்டும், அதாவது மேலே இடது என்றால் கீழே வலது. இடுப்புக்கு முதுகெலும்பின் மேல் ஒட்டாமல் இரண்டு பக்கச் சதையில். பேடுகளுக்கு நடுவில் ஒரு அங்குலமாவது இடைவெளி வேண்டும். குறுகுறுப்பு வலிக்கிற இடத்தில் தெரிந்தால் சரி, தள்ளித் தெரிந்தால் நகர்த்துங்கள்.

ஒட்டி முடித்து, வயரைச் செருகிய பிறகே ஆன் செய்ய வேண்டும். கழற்றும்போது முதலில் ஆஃப். பல மெஷினில் டென்ஸ், இ.எம்.எஸ். இரண்டும் இருக்கும். இ.எம்.எஸ். சதையைச் சுருக்குவதற்கானது, அது நமக்கு வேண்டாம். வேகம் 80 முதல் 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை துடிப்பு. அப்புறம் கரண்ட் அளவை மெதுவாக ஏற்றுங்கள். என்னிடம் முறுக்குச் சுற்றும் பொண்ணு முதல் தடவை போட்டபோது, "எறும்பு ஊறுற மாதிரி இருக்கு ஆச்சி, போதும்" என்றாள். போதாது. நன்றாக உறைக்க வேண்டும், ஆனால் வலிக்கவும் கூடாது, சதை வெட்டி இழுக்கவும் கூடாது. அஞ்சு பத்து நிமிஷத்தில் உணர்வு மங்கிவிடும். மெஷின் நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள், நரம்பு பழகிவிட்டது. இன்னும் ஒரு படி ஏற்றுங்கள். தினமும் ஒரே வேகத்தில் போட்டாலும் பழகிப்போகும் என்பதால், வேகம் தானாக மாறும் மோட் இருந்தால் இடையிடையே வையுங்கள். 2 முதல் 4 ஹெர்ட்ஸ் வரை, சதை துடிக்கும்படி போடும் முறையும் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை, சிலருக்கு அதுதான் பிடிக்கிறது.

எப்போது போடுவது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். வலி இல்லாமல் படுத்திருக்கும்போது போட்டு என்ன ஆகப் போகிறது? நான் இரண்டாங்கட்டில் முறுக்குச் சுற்ற உட்காரும்போது போடுவேன், கோயிலுக்கு நடக்கும்போது இடுப்பில் செருகிக்கொள்வேன். பிசியோ சொன்ன தொடைப் பயிற்சியும் அந்த நேரத்தில்தான். வலி மட்டுப்பட்டிருக்கும்போது கால் ஒழுங்காக நீள்கிறது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போதும். எண்ணெய்ச் சட்டி பக்கம் மட்டும் போட்டுக்கொண்டு போகவே மாட்டேன். வயர் அசைந்து திடீரென்று சுண்டினால் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. வண்டி ஓட்டும்போது, குளிக்கும்போது, தூங்கும்போதும் அப்படியே. கழற்றிய பிறகு தோல் லேசாகச் சிவந்து கொஞ்ச நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை. தடித்து அரித்தால் பேடின் பசை சேரவில்லை, வேறு வகை மாற்றிப் பாருங்கள்.

மெஷின் இன்னும் வாங்கவில்லை என்றால் பிசியோவிடம் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது, எல்லாருக்கும் கேட்கும் என்பதில்லை. வைகாசி முகூர்த்தம் தொடங்குவதற்கு முன்னாலேயே மாற்று பேட் ஒரு செட் வாங்கி வைத்துவிடுவேன். வாங்கும்போது உங்கள் வயரின் நுனி பின்னா, பட்டனா என்று பார்த்துக்கொண்டு போங்கள், ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது.