எய்ட் பால்: புது ஆளை நாமே விரட்டும் விதங்கள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் சித்தப்பா மகனை ஒரு ஸ்நூக்கர் கிளப்புக்குக் கூட்டிப் போனேன். கேரமில் கெட்டிக்காரன், அவன் தெருவில் அவனை ஜெயிக்க ஆள் கிடையாது. அங்கே நாலு கேம் ஆடினான், நாலும் தோற்றான், நாலுக்கும் அவனே காசு கட்டினான். 'தோற்றவன் டேபிள் காசு' என்பது நம் ஊர் கிளப்புகள் பலவற்றில் எழுதாத சட்டம். படி இறங்கும்போது "நல்லா இருந்துச்சுண்ணா" என்றான். அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

நான் சொல்வது சின்ன டேபிளில் 15 பந்தை வைத்து, க்யூ என்ற நீளக் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து அவற்றைப் பாக்கெட்டில் தள்ளி, கருப்பு எட்டாம் பந்தைக் கடைசியில் போட்டு முடிக்கும் ஆட்டம். அதற்கு ஆங்கிலத்தில் உள்ள பொதுப்பெயரைத் தமிழில் எழுதினால் சிரிப்பீர்கள் என்பதால் எய்ட் பால் என்றே சொல்லிக்கொள்கிறேன். முதல் தடவைக்கு ஆள் வருவதில் குறையே இல்லை. பிறந்தநாள், ஆபீஸ் நண்பர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள் என்று யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். இரண்டாவது தடவைதான் வருவதில்லை.

அதற்கு முதல் காரணம் அந்தக் காசுதான். புதிதாக வருபவன் தோற்கத்தான் போகிறான், அது எல்லோருக்கும் தெரியும். அவனிடமே பில்லையும் நீட்டினால், நன்றாக ஆடுபவனின் பயிற்சிக்கு அவன் ஸ்பான்சர் ஆகிவிடுகிறான். நிமிஷக் கணக்கில் காசு வாங்கும் இடமென்றால் இன்னும் மோசம்: குனிந்து குறி பார்க்கும்போதே மீட்டர் ஓடுவது தெரியும், அவசரமாக அடிப்பான், பந்து போகாது. முதல் பத்து தடவையாவது பாதிப் பாதி போட்டுக்கொள்ளுங்கள். கூட்டிப்போனவர் முழுசாகக் கட்டினாலும் குடி முழுகிவிடாது.

அடுத்தது, பெரிய டேபிளில் தொடங்கி வைப்பது. "ஸ்நூக்கர் வந்தா இதெல்லாம் தானா வரும்" என்று பெரியவர் ஒருவர் எல்லா கிளப்பிலும் இருப்பார். ஸ்நூக்கருக்கு அந்தப் பெருமை இருக்கலாம். 1875-இல் ஜபல்பூரில் பிறந்து, ஊட்டி கிளப்பில் விதி எழுதி மாட்டப்பட்ட ஆட்டம். ஆனால் அது 12 அடி டேபிள், 52.5 மில்லிமீட்டர் பந்து, இறுக்கமான பாக்கெட். எய்ட் பாலில் டேபிள் 7 முதல் 9 அடிதான். பந்து 57 மில்லிமீட்டர், பாக்கெட்டும் அகலம். முதல் நாள் ஒருவனுக்கு வேண்டியது பந்து உள்ளே விழும் அந்தச் சத்தம். பெரிய டேபிளில் அதற்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டிவரும்.

அந்தச் சத்தத்தை நாமேகூட ஏற்பாடு செய்யலாம். ஒரு பந்தை மூலைப் பாக்கெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அதற்கு நேர் பின்னால் இரண்டு சாண் தூரத்தில் வெள்ளைப் பந்து. இடது கை விரல்களை டேபிளில் விரித்து, கட்டை விரலைத் தூக்கி ஆள்காட்டி விரலோடு ஒட்டினால் ஒரு பள்ளம் கிடைக்கும், க்யூ அதில் ஓடட்டும். கேரம் ஆடியவர்கள் சுண்டிப் பழகியவர்கள். க்யூவாலும் சுண்டிவிட்டு உடனே பின்னால் இழுத்துக்கொள்வார்கள். வெள்ளைப் பந்து இருந்த இடத்தைத் தாண்டிப் போய் க்யூ நிற்கணும் என்று அது ஒன்றை மட்டும் சொல்லுங்கள். கால் வைப்பது, முழங்கை, ஸ்பின் எல்லாம் அடுத்த வாரம். ஒவ்வொரு அடிக்கும் பக்கத்து டேபிள்காரர் வந்து ஒரு டிப்ஸ் கொடுப்பாரே, அவரை மட்டும் எப்படியாவது டீ குடிக்க அனுப்பிவிடுங்கள்.

விதிகளையும் கேரம் வழியாகவே சொல்லலாம். ஸ்ட்ரைக்கர் விழுந்தால் ஃபைன். இங்கே வெள்ளை விழுந்தால் ஃபவுல். ஆனால் ஒருத்தர் ஃபவுலுக்கு இரண்டு ஷாட் என்பார், இன்னொருத்தர் வெள்ளையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பார். சர்வதேச விதி இரண்டாவதுதான். எதை ஆடினாலும் சரி, சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். கேமுக்கு நடுவில் புது விதி முளைத்தால் ஏமாற்றுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

சமமில்லாதவர்களைச் சமமாக ஆடவிடுவதும் தவறுதான். இதற்கு அமெரிக்காவில் வழி கண்டவர்கள் இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்கள்: டெர்ரி பெல், லாரி ஹப்பர்ட். 1979-இல் அவர்கள் தொடங்கிய ஏபிஏ என்ற அமெச்சூர் லீகின் எய்ட் பாலில் ஒவ்வொருவருக்கும் 2 முதல் 7 வரை ஒரு தர எண் உண்டு. 7-ஆம் தரக்காரர் 2-ஆம் தரக்காரரோடு மோதினால் நன்றாக ஆடும் 7-ஆம் தரக்காரர் 7 கேம் ஜெயிக்க வேண்டும், 2-ஆம் தரக்காரருக்கு 2 போதும். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு விதி: ஒரு இரவில் அணிக்காக ஆடும் ஐந்து பேரின் தர எண் கூட்டல் 23-ஐத் தாண்டக் கூடாது. ஐந்து சூரப்புலிகளைச் சேர்த்தால் கணக்கு உதைக்கும். அதனால் கேப்டனே புது ஆளைத் தேடிப் போகிறார்.

நம் ஊரில் நடப்பது இதற்கு நேர் எதிர். நுழைவுக் கட்டணம் வாங்கி நாக்-அவுட் வைப்பார்கள். புதியவர் பத்தே நிமிஷத்தில் வெளியே. ஆறு பேர் இருந்தாலும் எல்லோரும் எல்லோரோடும் ஆடும்படி வைத்தால் அதே கட்டணத்துக்கு ஐந்து ஆட்டம் கிடைக்கும்.

நுனித் தோல் (டிப்) தேய்ந்த, வளைந்த க்யூவைப் புதியவர் கையில் கொடுப்பதைப் பற்றி என்ன சொல்ல? டேபிளில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

இடத்தைப் பற்றியும் சொல்லணும். சிகரெட் புகை, பந்தயப் பேச்சு, உள்ளே யார் நுழைந்தாலும் திரும்பிப் பார்க்கும் எட்டு ஜோடிக் கண்கள். பெண்கள் வருவதில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் அந்தக் கண்களை நினைத்துப் பார்ப்பதில்லை. 2025-இல் பெண்கள் உலக ஸ்நூக்கர் பட்டம் வென்ற அனுபமா ராமச்சந்திரன் சென்னைக்காரர். அவரைப் பார்த்து ஆசைப்பட்ட பெண்ணை, அவள் அம்மாவோடு அந்தப் படியேறச் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

போன மாதம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கேரமில் தம்பி என்னை வரிசையாக மூன்று போர்டு அடித்தான். தோற்ற எனக்குச் சித்தி காபி போட்டுக் கொடுத்தார். "இன்னொரு போர்டு ஆடலாம்ணா" என்று அவன் பவுடர் தூவிக்கொண்டிருந்தான்.