மெஷினைத் திட்டுமுன் மரத்தூளைப் பாருங்கள்

"அண்ணே, மெஷின் இழுக்கவே மாட்டேங்குது. கார்புரேட்டர் போயிருக்கும்."

தைலமரம் வெட்டும் கூப்புக்குச் செயின்சா பிடிக்கப் புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் முதல் வாரத்திலேயே இப்படி வந்து நிற்பார்கள். நான் மெஷினை வாங்கிப் பார்ப்பதில்லை, அவர்கள் காலடியைத்தான் பார்ப்பேன். பேன்ட் மடிப்பிலும் செருப்பு இடுக்கிலும் சலித்த கோதுமை மாவு மாதிரி நைஸாகத் தூள் ஒட்டியிருந்தால் கார்புரேட்டர்மேல் குற்றமில்லை. செயின் பல் செத்துவிட்டது. (செருப்போடு செயின்சா பிடித்ததற்குத் தனியாக வாங்கிக்கட்டிக்கொள்வார்கள்.) கூரான செயின் மரத்தை அவல் அவலாகச் சீவித் தள்ளும். மழுங்கியது மாவரைக்கும். காய்ந்து இறுகிய புளியில் நல்ல செயினும் கொஞ்சம் தூள் தள்ளும், தென்னையில் நார் நாராக வரும். பச்சை மரத்தில் இந்தக் கணக்கு தப்பாது.

அரத்தை எடுக்கத் தாமதிப்பதுதான் எல்லாத் தவறுக்கும் மூத்த தவறு. மழுங்கிய செயினோடு மல்லுக்கட்டும்போது நாம் மெஷினை அழுத்துகிறோம். செயின் ஓடும் நீளத் தகடான பார் சூடேறுகிறது, செயின் நீள்கிறது, பெட்ரோல் கரைகிறது, சாயங்காலம் மணிக்கட்டு மரத்துப்போகிறது. நல்ல செயின் மெஷின் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும். கை அழுத்த ஆரம்பித்தாலே வேலையை நிறுத்திவிட வேண்டும். நான் பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு கொடுத்துவிடுவேன். ஐந்து நிமிட வேலை. "அடுத்த மரம் முடிச்சிட்டுத் தீட்டலாம்" என்று தள்ளினால் பல்லுக்குப் பத்துப் பதினைந்து இழுப்பு ஆகும், பல்லும் அந்த அளவு தேயும்.

இதை நான் படித்த இடம் பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, பார்த்த இடமெல்லாம் தென்னை சாய்ந்து கிடந்தது. மெஷின் வைத்திருந்தவனுக்கெல்லாம் தூக்கமில்லாத வேலை. தென்னையின் வெளிவட்டம் கல் மாதிரி, நடுவில் சோறு. வெளிவட்டத்தை அறுக்கும்போதே கூர் பாதி போய்விடும். போதாததற்கு மரம் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. நான் அவசரத்தில் ஒரே இழுப்பாக அடிவரை அறுத்தேன். பார் நுனி மண்ணைத் தொட்டது ஒரு நொடிதான் இருக்கும். அந்த ஒரு நொடியில் அத்தனை பல்லும் காலி. முதல் நாளே இரண்டு செயின் போயிற்று. அப்புறம்தான், முக்கால்வாசி அறுத்து, தண்டைப் புரட்டி, ஒட்டிய மண்ணைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு மேலிருந்து முடிக்கும் பழக்கம் வந்தது.

அதில் ஒரு செயினை அவசரத்துக்கு ஒரு பட்டறையில் கொடுத்தேன். கிரைண்டர் சக்கரத்தில் வைத்து நிமிடத்தில் பளபளவென்று தந்தார்கள். பல் நுனியெல்லாம் நீலம் பாரித்திருந்தது, நான் கவனிக்கவில்லை. நீலம் என்றால் இரும்பு வெந்து பதம் போய்விட்டது என்று பொருள். இரண்டு தென்னைகூடத் தாங்கவில்லை. கிரைண்டரே கூடாது என்பதில்லை. பல்லைத் தொட்டுத் தொட்டு எடுக்கத் தெரிந்தவர் கையில் அது நல்ல கருவி. ஒரே அழுத்தாக அழுத்துபவர் கையில் கொடுக்காதீர்கள்.

இன்னொரு செயினை நானே தீட்டினேன், அதுவும் வெட்டவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. பல்லை வெயிலில் திருப்பிப் பாருங்கள். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பித் தராது, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. மழுங்கிய விளிம்பில் வெள்ளைக் கோடு ஒன்று மின்னும், முக்கியமாகப் பல்லின் மேல்தகடும் பக்கத் தகடும் சேரும் மூலையில். அந்த மூலைதான் மரத்தை முதலில் கடிக்கிறது. பல்லின் வெளிப்பக்கம் மெல்லிய குரோம் பூச்சு உண்டு. கூரைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். மண்ணோ ஆணியோ பட்டால் மூலையில் அந்தப் பூச்சு உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடம் முழுக்கத் தேய்ந்து போகிறவரை அரம் போடாவிட்டால், விரலுக்குக் கூராகத் தெரியும், மரத்துக்குத் தெரியாது. ஆகவே கோடு மறையும்வரை நிறுத்தாதீர்கள்.

அரத்தின் அளவில் பலர் சறுக்குகிறார்கள். கையில் இருக்கும் உருட்டு அரத்தை எல்லாச் செயினுக்கும் போடுவது நம் ஊர்ப் பழக்கம். சின்ன மெஷின்களில் வரும் 3/8 அங்குல லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்கு 4 மில்லி மீட்டர், 0.325 அங்குலச் செயினுக்கு 4.8, முழு அளவு 3/8 செயினுக்குக் கம்பெனியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5. உங்கள் செயின் எதுவென்று தெரியாவிட்டால் கண்ணிகளை இணைக்கும் ரிவெட்டுகளில் அடுத்தடுத்த மூன்றின் தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் இந்த அங்குல அளவு கிடைக்கும். அரம் சிறிதானால் பல் கொக்கி மாதிரி உள்வாங்கும்: முதல் மரத்தில் வெண்ணெயாய் வெட்டும், மூன்றாவது மரத்தில் மழுங்கும். பெரிதானால் விளிம்பு பின்பக்கம் சாய்ந்து, மரத்தைக் கடிக்காமல் வழுக்கும். அரத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரிய வேண்டும், அதற்குக் கீழே இறக்கக் கூடாது.

தேய்க்கும் விதம் இது: எஞ்சினை அணைத்து, கையுறை போட்டுக்கொண்டு, ஒரு கட்டையில் பார் நுழையும் அளவுக்கு வெட்டுப் போட்டு அதில் பாரைச் செருகுங்கள். காட்டில் மெஷினை அசையாமல் பிடிக்க இதைவிட நல்ல வைஸ் கிடையாது. பல்லின் உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ளி, திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். ரொட்டிக்கு மாவு தேய்க்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுத்தால் அரம்தான் சாகும். சாய்வு பெரும்பாலான செயினுக்கு 30 டிகிரி. பல்லின் மேலேயே கோடு போட்டிருப்பார்கள், அரம் அதற்கு இணையாகப் போகட்டும்.

மெஷின் ஒரு பக்கமாக வளைத்து அறுக்கிறதா? நம் கைதான் காரணம். வலது கைக்காரருக்கு ஒரு பக்கத்துப் பற்கள் வசமாக வரும், மறுபக்கம் மணிக்கட்டு மடங்கும். வசமான பக்கம் ஆறு இழுப்பு, மடங்கும் பக்கம் நாலு என்று தன்னை அறியாமல் குறையும். சில நாளில் ஒரு பக்கப் பல் குட்டை, மறுபக்கம் நெட்டை. அறுப்பு நெட்டைப் பல் இருக்கும் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மிக மோசமான பல்லை முதலில் கண்டுபிடித்து, அதற்கு எத்தனை இழுப்பு ஆகிறதென்று எண்ணி, மற்ற எல்லாவற்றுக்கும் அதே எண்ணிக்கை கொடுங்கள். ஆரம்பித்த பல்லில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. பல்லெல்லாம் சமமாக இருந்தும் வளைந்தால் பாரைக் கழற்றிப் பாருங்கள், ஓரத்தில் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும்.

"பல் ஊசி மாதிரி இருக்கு, ஆனா வெட்டல" என்பவர்கள் பல்லுக்கு முன்னால் நிற்கும் சின்னத் திமிலை மறந்தவர்கள். கடையில் டெப்த் கேஜ் என்பார்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று முடிவு செய்வது அதுதான். பல்லின் மேல்தகடு பின்னோக்கிச் சரிந்திருப்பதால், தீட்டத் தீட்டப் பல் தாழும், திமில் அப்படியே நிற்கும். கடைசியில் பல் மரத்தையே தொடாது. நாலைந்து முறை தீட்டியதும் அளவுத் தகட்டை வைத்துப் பார்த்து, தட்டை அரத்தால் தேய்க்க வேண்டும். பெரும்பாலான செயினுக்குப் பல்லைவிட 0.65 மில்லி மீட்டர் தாழ்ந்திருந்தால் சரி. ஏறக்குறைய இரண்டு விசிட்டிங் கார்டு கனம். தேய்த்தபின் திமிலின் முன்மூலையை உருட்டிவிடுங்கள்.

இதில் எதிர்த் தவறு இன்னும் ஆபத்து. வேகமாக அறுக்கட்டும் என்று திமிலைக் கண்மட்டத்தில் வழித்துவிடுபவர்கள் உண்டு. செயின் மரத்தைக் கொத்திக் கொத்தி இழுக்கும், எஞ்சின் திணறும், பார் நுனி எங்காவது பட்டால் மெஷின் எகிறி முகத்துக்கு வரும். அப்படி வழித்த செயினை யார் கொடுத்தாலும் நான் மாட்டமாட்டேன்.

மற்றவை சுருக்கமாக. வண்டி மெக்கானிக் கடையில் சும்மா கிடைக்கிறதென்று செயினுக்குக் கழிவு ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் இரும்புப் பொடி இருக்கிறது, சட்டையிலும் தோலிலும் தெறிக்கிறது. ஆயில் வருகிறதா என்று பார்க்க, வெளுத்த கட்டைக்கு அருகில் பார் நுனியைப் பிடித்து ஆக்சிலேட்டர் கொடுத்தால் அதில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாரின் ஆயில் ஓட்டையும் காடியும் அடைத்திருக்கும், பழைய ஹேக்சா பிளேடு துண்டால் சுரண்டுங்கள். பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரண்டு ஓரமும் சமமாகத் தேயும். சூடாக இருக்கும்போது இறுக்கிய செயினைச் சாயங்காலம் தளர்த்திவிட வேண்டும். ஆறும்போது சுருங்கி கிராங்கையும் பேரிங்கையும் பிடித்து இழுக்கும். இரண்டு செயின் தேய்ந்ததும் செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டை மாற்றுங்கள், தேய்ந்த ஸ்பிராக்கெட் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும்.

சாலையோரப் புளி, வேம்பு என்றால் எத்தனை வருடத்து விளம்பரப் பலகை ஆணி உள்ளே இருக்கிறதோ, யாருக்கும் தெரியாது. பட்டையில் கருநீலக் கறை தெரிந்தால் அந்த இடத்தை விட்டு ஒரு சாண் தள்ளி அறுப்பேன். அந்த மாதிரி வேலைக்கும், மண் ஒட்டிய வேர்க்கட்டைக்கும் தனியாக ஒரு செயின் வைத்திருக்கிறேன்: பல் கிட்டத்தட்ட 4 மில்லி மீட்டருக்குத் தேய்ந்து, இன்னும் சில தீட்டலில் குப்பைக்குப் போகிற பழசு. எங்களுக்குள் அதற்குக் கட்டைச் செயின் என்று பெயர். நல்ல செயினோடு கலந்துவிடக் கூடாதென்று அதைச் சிவப்புத் துணியில் சுற்றி வைப்பேன்.