தனி ஆளாகக் குற்றாலம்: சனி, ஞாயிறுக்குள் குளித்துவிட்டுத் திரும்புவது எப்படி?

குற்றாலத்துக்குத் தனியாகப் போகிறவருக்கு அருவி பிரச்சினையே இல்லை. கையில் இருக்கும் பைதான் பிரச்சினை. குடும்பத்தோடு போனால் பெரியம்மாவோ மாமாவோ கரையில் உட்கார்ந்து எல்லாருடைய செல்போன், பர்ஸ், மூக்குக்கண்ணாடியையும் மடியில் வைத்துக்கொண்டு காவல் காப்பார்கள். தனியாகப் போனால் அந்த ஆள் கிடையாது. அதனால் இந்தப் பதிவில் பாதி அதைப் பற்றித்தான் இருக்கும். டிக்கெட் போடுவது, ஓட்டல் தேடுவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

படி 1: தண்ணீர் விழுகிறதா என்று உறுதி செய்வது

சீசன் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. செப்டம்பரிலும் சில வருடம் நீளும். தென்காசி பக்கம் மலையின் மழைமறைவில் இருந்தாலும், ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று நுழைந்துவிடுவதால் இந்தச் சாரல் கிடைக்கிறது. அக்டோபர், நவம்பரிலும் அருவியில் தண்ணீர் உண்டு. ஆனால் அந்த மாதங்களில் வெள்ளமும் குளிக்கத் தடையும் அதிகம். முதல் தடவை போகிறவருக்கு ஜூலைதான் சரி.

வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவை நம்பாதீர்கள். போன வருட வெள்ளம் இந்த வருடமும் சுற்றும். லாட்ஜுக்குப் போன் செய்து "தண்ணி விழுதா அண்ணாச்சி?" என்று கேட்டால், "சூப்பரா விழுது, வாங்க" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. "மெயின் அருவியில் தண்ணி ஆர்ச்சைத் தாண்டுதா?" என்று கேளுங்கள். மெயின் அருவி என்றால் பேரருவிதான், அங்கே ஒரு பாதுகாப்பு வளைவு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் குளிக்க விட மாட்டார்கள். அடுத்தது, "ஐந்தருவியில் எத்தனை கிளையில் விழுது?" ஐந்திலும் விழுந்தால் அமோகம். இரண்டு, மூன்று என்றால் தண்ணீர் சுமார், கூட்டம் முழுக்க அங்கேயே முட்டும். இப்படிக் கேட்டால் எதிர்முனையில் இருப்பவருக்கும் இவர் விவரமான ஆள் என்று புரிந்துவிடும், சரியான பதில் வரும்.

படி 2: ரயில்

சென்னையிலிருந்து என்றால் பொதிகை எக்ஸ்பிரஸ். வெள்ளி இரவு ஏறினால் சனி காலை தென்காசி. கொல்லம் எக்ஸ்பிரஸும் தென்காசி வழியாகத்தான் போகிறது. நேரத்தை ஐஆர்சிடிசியில் பார்த்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், தண்ணீர் நிலவரம் முந்தின நாள்தான் தெரியும், டிக்கெட்டோ வெகு முன்னாலேயே தீர்ந்துவிடும். முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. நான் ஜூலையில் இரண்டு வார இறுதிகளுக்கும் போட்டுவிட்டு ஒன்றை ரத்து செய்வேன். பிடித்தம் போகும், போகட்டும். தட்கலை நம்பினால், ஸ்லீப்பருக்குக் காலை 11 மணி, ஏசிக்கு 10 மணி. ஆதாரை முன்கூட்டியே கணக்கில் இணைத்து வைத்திருக்க வேண்டும்.

படி 3: அறை

தனி ஆள் என்றால் சில லாட்ஜ்களில் தயங்குவார்கள். வாசலில் போய் நின்றுகொண்டு இதைத் தெரிந்துகொள்வதில் அர்த்தமில்லை. முந்தின நாளே போனில், "நான் ஒருத்தர்தான், ஆதார் இருக்கு, ஒரு ராத்திரி தங்கணும்" என்று சொல்லிவிடுங்கள். அப்படியே, 24 மணி நேர செக் அவுட்டா என்றும் கேளுங்கள். சனி காலை 8 மணிக்கு அறை எடுத்து, ஞாயிறு காலை 8 மணிக்குக் காலி செய்யச் சொன்னால் அன்று முழுக்கப் பையோடு அலைய வேண்டும். ஞாயிறு மாலை வரை வைத்துக்கொள்ள எவ்வளவு கூடுதலாகக் கேட்பார்கள் என்று முன்பே பேசிவிடுங்கள்.

என் கட்சி, தென்காசியில் தங்குவதுதான். சீசனில் குற்றாலத்து அறை வாடகை கண்டபடி ஏறும். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர் சொச்சம்தான், டவுன் பஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் இருட்டோடு அருவிக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் மட்டும் குற்றாலத்திலேயே தங்குங்கள். அந்த ஆசை நியாயமானது, கீழே சொல்கிறேன்.

படி 4: பை, போன், பணம், கண்ணாடி

இதுதான் முக்கியமான படி. கரையில் கல் மேல் பையை வைத்து, துண்டால் மூடிவிட்டு, அருவிக்கு அடியில் நின்றபடி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே குளிக்கும் ஆட்களை அங்கே நிறையப் பார்க்கலாம். அது குளியல் இல்லை, நனைந்துகொண்டே பார்க்கும் வாட்ச்மேன் வேலை. திருடனை விடுங்கள், குரங்கு போதும். ஜிப்பைத் திறக்கத் தெரிந்த குரங்குகள் அங்கே உண்டு.

கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் போன் கவர் வாங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அது மழைக்கும் நீச்சல் குளத்துக்கும் சரி. பேரருவி ஏறக்குறைய 60 மீட்டர் உயரம். நடுவில் பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்துதான் கீழே வருகிறது. அப்படித் தணிந்து வரும் தண்ணீரே தோளில் அறையும். கவரின் கிளிப் அதற்குத் தாங்காது. கயிறு கழுத்தை இழுக்கும் என்பது இன்னொரு தொல்லை.

நான் செய்வது இதுதான். போன், பர்ஸ், ஆதார், வாட்ச் எல்லாம் அறையிலேயே இருக்கும். கிளம்பும்போது எடுத்துக்கொள்வது: சின்ன ஜிப்லாக் கவரில் 200 ரூபாய் சில்லறையாக, லாட்ஜின் பெயரும் போன் நம்பரும் எழுதிய துண்டுச்சீட்டு, அவ்வளவுதான். கவரை ஜிப் வைத்த அரை டிரவுசர் பாக்கெட்டில் போட்டு மூடிவிடுவேன். சாவியை ரிசப்ஷனில் கொடுத்துவிடலாம். கொடுக்க மனமில்லை என்றால் அதையும் அதே பாக்கெட்டில் போடுங்கள். மரக்கட்டையோடு தொங்கும் பெரிய சாவியாக இருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மாற்றுத்துணியும் துண்டும் மட்டும் மஞ்சள் பையில். அதை யாரும் தூக்கிப் போக மாட்டார்கள், போனாலும் கவலையில்லை. தின்பண்டம் எதுவும் அதில் இருக்கக் கூடாது, குரங்குக்காக.

துண்டு என்றால் ஈரிழைத் துண்டு. டர்க்கி டவலைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், சாரலில் அது ஞாயிறு வரைக்கும் காயாது. ஜீன்ஸும் அப்படித்தான். செருப்பு பிடிமானமுள்ள ரப்பர் செருப்பு, புதிதாக இருக்கக் கூடாது, பழையதாக இருந்தால் அதுவும் காணாமல் போகாது.

மோதிரம் போட்டிருந்தால் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். குளிரில் விரல் சுருங்கி, வழுக்கிக்கொண்டு போய்விடும்.

போன் இல்லாமல் போட்டோ எப்படி என்று கேட்பீர்கள். போட்டோவுக்கு என்று தனியாக ஒருமுறை, உலர்ந்த உடையோடு, சனி மாலை போய் வாருங்கள். குளியலையும் போட்டோவையும் ஒன்றாகச் சேர்த்தால் இரண்டுமே உருப்படாது.

படி 5: எந்த அருவி, எப்போது

சனி பகலில் ஐந்தருவி. பேரருவியிலிருந்து நாலைந்து கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ கிடைக்கும். பிற்பகலில் பழைய குற்றாலம் போகலாம், கொஞ்சம் தூரம். செண்பகாதேவி, தேனருவி இரண்டும் மலைக்கு மேலே காட்டுக்குள் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது. "நான் கூட்டிட்டுப் போறேன் சார்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள், தனியாகப் போகிறவர் கண்டிப்பாக வேண்டாம்.

சனி இரவிலிருந்து ஞாயிறு மதியம் வரை வேனும் பஸ்ஸும் வந்து குவியும். அதனால் பேரருவியை ஞாயிறு விடியுமுன் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு வெளிச்சம் உண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி, தடுப்புக் கம்பி போட்டிருக்கும். அந்த நேரத்தில் கூட்டம் முண்டாது, நின்று நிதானமாகக் குளிக்கலாம். முதல் நிமிடம் குளிர் எலும்பில் ஏறும், அப்புறம் ஒன்றும் தெரியாது.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எடுத்துப் போகாதீர்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் அந்தத் தண்ணீரில் சோப்பு எதற்கு?

படி 6: அருவிக்குள் நிற்பது

நேராக நடுத்தாரைக்குப் போக வேண்டாம். ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நுழையுங்கள். முகத்தைத் தண்ணீருக்குக் காட்டாமல், முதுகைக் காட்டி, தலையைக் குனிந்து, தோளில் முதலில் வாங்குங்கள். மூச்சு வாயால். பழகிய பிறகு உச்சந்தலைக்கு வரலாம். பாறையில் பாசி இருக்கும், காலை நகர்த்தும்போது கை கம்பியை விடக் கூடாது.

தனியாகப் போகிறவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது வெள்ளத்தின் அறிகுறிகளை. கீழே வெயில் அடிக்கும், மேலே மலையில் கொட்டும், சில நிமிடங்களில் தண்ணீர் ஏறிவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் இப்படி வந்த வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாக மாறுவது, சருகும் குச்சியும் சேர்ந்து வருவது, இரைச்சல் கூடுவது: மூன்றில் எது நடந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். போலீஸ் விசில் அடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். விசில் அடித்த பிறகும் "இன்னும் ரெண்டே நிமிஷம்" என்று நிற்கிற கூட்டத்தோடு சேராதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே யாரும் இல்லை.

படி 7: காய்வதும் சாப்பிடுவதும்

குளித்ததும் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில், உடை மாற்றிவிட்டுப் போங்கள். சற்றுத் தள்ளிச் சித்திரசபை. நடராசருக்குச் சொல்லப்படும் ஐந்து சபைகளில் இது ஒன்று. இங்கே அவர் சிலையாக இல்லை, சுவரில் ஓவியமாக இருக்கிறார். நூற்றுக்கு எண்பது பேர் அருவியோடு திரும்பிவிடுகிறார்கள் என்பது என் ஊகம். உள்ளே அவ்வளவு அமைதியாக இருக்கிறது.

மங்குஸ்தான் வாங்கும்போது அடிப்பக்கத்தில் பூப்போல இருக்கும் இதழ்களை எண்ணுங்கள். உள்ளே அத்தனை சுளைதான் இருக்கும். அமுக்கினால் கல்லாக இருக்கும் பழத்தை எடுக்காதீர்கள்.

மதியச் சாப்பாட்டுக்குச் செங்கோட்டை பக்கத்தில் இருக்கும் பிரானூர் பார்டர். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, அந்த எல்லை போய்விட்டது, பார்டர் என்ற பெயரும் புரோட்டாவும் நிலைத்துவிட்டன. புரோட்டா சின்னதாக இருக்கும், பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றுவார்கள். தனி ஆள் என்றால் நாட்டுக்கோழி கால் பிளேட் (அரையில் பாதி) கிடைக்குமா என்று உட்காரும் முன் கேளுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டவை.

கண்ணாடி போடாமல் எதுவுமே தெரியாது, என்ன செய்வது? பழைய பவர் கண்ணாடி ஒன்றை ரப்பர் கயிறு கட்டி எடுத்துப் போங்கள். கம்பிக்கு வரும் வரை போட்டுக்கொண்டு, உள்ளே நுழையும்போது கழற்றி ஜிப் பாக்கெட்டில் வையுங்கள். கான்டாக்ட் லென்ஸோடு நிற்காதீர்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா என்று கேட்டவருக்கு, போய்வந்த இன்னொரு வாசகி சொன்ன பதிலையே தருகிறேன்: விடியுமுன் போவதைவிட காலை 7 மணி வாக்கில், பெண்கள் பகுதியில் குடும்பங்கள் வந்த பிறகு போவது நல்லது. ஜிப் பாக்கெட்டுக்கு லெக்கின்ஸ் உதவாது, டிராக் பேன்ட்தான். ஈரத்துணியோடு பஸ் ஏறாமல், அங்கிருக்கும் உடை மாற்றும் அறையிலேயே மாற்றிவிட வேண்டும். வரிசை இருக்கும் என்பதால் அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்கிறார்.

போய் இறங்கிய பிறகு தடை போட்டுவிட்டால்? பேரருவியில் தடை என்றால் ஐந்தருவியையும் புலியருவியையும் கேட்டுப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தடை இருக்க வேண்டும் என்பதில்லை. எல்லாமே மூடியிருந்தால் தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் போய் நில்லுங்கள், அங்கே வீசும் காற்றுக்கு யாரும் தடை போட முடியாது. பெரும்பாலும் தண்ணீர் குறைந்ததும் திறந்துவிடுவார்கள், அதனால் ஞாயிறு மாலை ரயிலை மாற்ற அவசரப்படாதீர்கள்.