கூலன்ட் சொட்டுகிறதா? ரேடியேட்டர் மேல் கை வைக்கும் முன்

என்னுடைய ஹோண்டா சூப்பர் ஃபோர் பைக்குக்கு வயது 20ஐத் தாண்டிவிட்டது. சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) விலையைப் பார்த்துவிட்டுப் புது பைக் ஆசையை மடித்து வைத்த பலரில் நானும் ஒருவன். ஒருநாள் காலை புளோக் கார்ப்பார்க்கில், எஞ்சினுக்குக் கீழே பச்சையாக ஒரு பொட்டு: கூலன்ட், எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம். இருபது காசு அளவுதான் இருக்கும். வேலைக்குப் போய்த் திரும்பிய பிறகு குனிந்து பார்த்தால் ஒன்றுமில்லை. மறுநாள் காலை அதே இடத்தில் அதே பொட்டு.

ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். "ரேடியேட்டர் போச்சு" என்றார்கள். பழைய பைக்தானே, இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். செகண்ட்‌ஹேண்ட் ரேடியேட்டர் மாட்டி, காசு கட்டி, வீட்டுக்கு வந்தாயிற்று. மூன்றாம் நாள் காலை பச்சைப் பொட்டு திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. கழற்றிய ரேடியேட்டர், அதுவும் நல்ல ரேடியேட்டர், இன்னும் எங்கள் வீட்டு ஷெல்டரில் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடக்கிறது.

கடைசியில் ரேடியேட்டரின் கீழ் ஹோஸை, அதாவது ரப்பர் குழாயை, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்தான் காரணம். நான் செய்த பெரிய தவறு, எங்கே சொட்டுகிறது என்று மட்டும் பார்த்ததுதான். எப்போது சொட்டுகிறது என்று கேட்கவே இல்லை. எஞ்சின் சூடானால் ரப்பரும் உலோகமும் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். ராத்திரி ஆறியதும் சுருங்கும். பழைய ரப்பர் இறுகிப் போயிருப்பதால் கிளாம்ப்பின் பிடி தளர்ந்து கசியும். நம் ஊர் விடியற்காலையில் பெரிய குளிர் இல்லைதான். ஆனாலும் 90 டிகிரியில் ஓடிய எஞ்சினுக்கு 26 டிகிரி என்பது பெரிய இறக்கம். ஆகவே ஆறியபின் மட்டும் சொட்டினால் முதலில் ஹோஸ், கிளாம்ப், கூலன்ட் குழாய்களின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்). சூடாக ஓடும்போது மட்டும் கசிந்தால் அழுத்தம் தாங்காத இடத்தைத் தேட வேண்டும்: ரேடியேட்டர், மூடி, பம்ப்.

அடுத்த தவறு, கசிவைப் பார்த்ததும் பைக்கைக் கழுவுவது. கூலன்ட் காய்ந்தால் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தது போலப் படியும். அதுதான் சாட்சி. அதைத் தேய்த்துக் கழுவிவிட்டு அப்புறம் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள், போட்டோ எடுங்கள், பிறகு கழுவுங்கள். சொட்டும் இடம் கசியும் இடமல்ல. எஞ்சின் மேல் வழிந்து, ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு, காற்றில் பின்னால் பறந்து, தனக்குத் தோதான ஒரு மூலையில்தான் அது சொட்டும். ஈரத்தின் மிக உயரமான புள்ளியைத் தேடுங்கள். மழையில் நனைந்து வந்த நாளில் இந்த வேலையே வேண்டாம். பக்கத்துக் காரின் ஏர்கான் தண்ணீரைப் பார்த்துப் பதறியவர்களும் உண்டு. டிஷ்யூவில் ஒற்றிப் பாருங்கள். கூலன்ட் என்றால் நிறம் தெரியும், வழவழக்கும், லேசாக இனிப்பு வாசனை வரும். நாக்கில் மட்டும் வைக்காதீர்கள், அதிலிருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம்.

சூட்டில் விரியும் கூலன்ட் போய்ச் சேரும் ரிசர்வ் டேங்க்கை விளிம்பு வரை நிரப்புவது இன்னொரு தவறு. சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்து அளவு பார்த்தால் தப்பாகத்தான் காட்டும். பைக்கை நிமிர்த்திப் பாருங்கள். அதிகமாக ஊற்றினால் உட்லண்ட்ஸ் நெரிசலில் எஞ்சின் கொதிக்கும்போது மிச்சம் குழாய் வழியாக வெளியே வரும். அது கசிவே அல்ல, நாம் ஊற்றியதுதான். அளவு சரியாக இருந்தும் வெளியே தள்ளினால் ரேடியேட்டர் மூடியைச் சந்தேகியுங்கள். ஏறக்குறைய 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை. ரப்பர் காய்ந்துவிட்டால் கூலன்ட் சீக்கிரமே டேங்க்குக்குப் போய்விடும், ஆறியபின் திரும்ப உறிஞ்சப்படாது. சில வெள்ளியில் முடியும் வேலை இது, ஆனால் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும்.

கூலன்ட்டைச் சுழல வைக்கும் வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் கூலன்ட் கசிவதைப் பார்த்துவிட்டு சிலிக்கான் வைத்து அடைத்தவரை எனக்குத் தெரியும். அந்தத் துளை வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பம்ப்பில் ஒரு சீல் கூலன்ட்டையும் இன்னொரு சீல் எஞ்சின் ஆயிலையும் தடுக்கின்றன; இரண்டுக்கும் நடுவே இந்தத் துளை. கூலன்ட் வந்தால் கூலன்ட் பக்க சீல் தேய்ந்துவிட்டது, ஆயில் வந்தால் மற்றது. வழியை அடைத்தால் கூலன்ட் சும்மா இருக்காது, ஆயிலுக்குள் போக வழி தேடும். பல பைக்குகளுக்கு சீல் தனியாகக் கிடைக்காது, பம்ப்பையே மாற்ற வேண்டியிருக்கும். வலிக்கும்தான், எஞ்சினை இறக்குவதைவிடக் குறைவாக வலிக்கும்.

கசிவை அடைக்கும் திரவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டையை அடைப்பது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். பைப் தண்ணீரை ஊற்றி ஒப்பேற்றுவதும் வேண்டாம், அரிப்பும் படிவும்தான் மிச்சம்; டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடியில் பால் போல ஏதோ தெரிந்தால், ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் சீல்) போய் கூலன்ட் கலந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். வீட்டிலிருந்து எம்ஆர்டி வரை மட்டும் ஓட்டினாலே ஈரம் சேர்ந்து அப்படித் தெரியும். வெளியே சொட்டே இல்லாமல் கூலன்ட் குறைகிறது, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, ரேடியேட்டர் வாயில் ஓயாமல் குமிழ் வருகிறது என்றால்தான் கவலை. கூலன்ட் மாற்றிய உடனே வரும் குமிழ் வெறும் காற்று.

இதெல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் வொர்க்‌ஷாப்பில் பிரஷர் டெஸ்டர் போடச் சொல்லுங்கள். ஆறிய எஞ்சினில், மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு மேல் போகாமல், கையால் பம்ப் அடித்துப் பத்து நிமிடம் விட்டால் போதும், கசிவு இருந்தால் அழுத்தம் இறங்கும். அதைப் போடாமலே ரேடியேட்டர் என்று சொன்னால் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சொட்டுகிறதா என்று பார்க்க ராத்திரி எஞ்சினுக்குக் கீழே அட்டை விரித்து வைப்பவர்கள் காலையில் அதை எடுத்துவிட்டு, தரையையும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். புளோக்கில் சுற்றும் பூனைகள் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து.