நியூஜெர்சியில் ஸ்பீடிங் டிக்கெட்டா? உடனே பணம் கட்டாதீர்கள்

டிக்கெட் கிடைத்த அன்றிரவே ஆன்லைனில் பணத்தைக் கட்டிவிட்டு, தொல்லை விட்டது என்று இருந்துவிடுகிறோம். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே கணக்கு. வேக வரம்பை 15 முதல் 29 மைல் தாண்டியிருந்தால் லைசென்ஸில் 4 தண்டனைப் பாயின்ட் ஏறும். அப்புறம் இன்சூரன்ஸ்காரர் சும்மா இருப்பாரா?

டிக்கெட்டில் போட்டிருக்கும் ஊரின் முனிசிபல் கோர்ட்டுக்கு, குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்று முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். அங்கே அரசு வழக்கறிஞரிடம், குற்றச்சாட்டை 'அன்சேஃப் டிரைவிங்' (பாதுகாப்பில்லாமல் ஓட்டுதல்) என்ற சிறிய குற்றமாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். பழைய ரெக்கார்டு சுத்தமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர் சம்மதித்து, நீதிபதியும் ஏற்றால், முதல் இரண்டு முறை பாயின்ட் கிடையாது. ஆனால் அபராதத்துக்கு மேல் 250 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். கசக்கத்தான் செய்யும்.